வேலையோடு முடிவதும் முடியாததும்

நேயர்களே, வணக்கம். சிங்கப்பூரில் பணி ஓய்வு நெருங்கும்போது மசேநி, அதாவது மத்திய சேம நிதிக் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லாரும் பார்த்துவிடுகிறோம். மருத்துவக் காப்புறுதியில் எது தொடரும், எது நிற்கும் என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதலில் நிற்பதைச் சொல்கிறேன். நிறுவனம் எடுத்துக் கொடுத்த குழுக் காப்புறுதி பொதுவாகக் கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும். "கம்பெனிதான் பார்த்துக்கொள்கிறதே" என்று ஐம்பது வயதில் சொந்தத் திட்டத்தை ரத்து செய்தவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். 65 வயதில், நீரிழிவும் ரத்த அழுத்தமும் சேர்ந்த பிறகு புதிதாக விண்ணப்பித்தால், காப்புறுதி நிறுவனம் அந்த நோய்களை விலக்கலாம், விண்ணப்பத்தையே மறுக்கலாம். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெறுபவர்களின் சலுகை அவர்கள் சேர்ந்த காலத்தையும் திட்டத்தையும் பொறுத்தது. பக்கத்து மேசைக்காரருக்குக் கிடைப்பது உங்களுக்கும் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். கடைசி நாளுக்கு முன்பே மனிதவளப் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தானாகத் தொடர்வது நாட்டின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப். 2015 நவம்பர் 1 முதல் குடிமக்கள், நிரந்தரவாசிகள் எல்லாருக்கும் ஆயுள் முழுவதும் உண்டு. விண்ணப்பம் வேண்டாம், ஏற்கெனவே இருக்கும் நோய்க்காக யாரையும் ஒதுக்குவதுமில்லை. சந்தா முழுவதையும் மெடிசேவிலிருந்து, அதாவது மசேநியில் மருத்துவச் செலவுக்கென்று இருக்கும் கணக்கிலிருந்து, கட்டலாம். ஆனால் அது பொது மருத்துவமனையில் அரசாங்கக் கழிவு அதிகமுள்ள பி2, சி வகுப்பு வார்டுகளை மனத்தில் வைத்து அமைத்த திட்டம். ஏ வகுப்பிலோ தனியார் மருத்துவமனையிலோ படுத்தால், கட்டணத்தின் ஒரு சிறு பங்கை மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஊருக்குப் போய் மாதக்கணக்கில் தங்குபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: சென்னையிலோ திருச்சியிலோ செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மெடிஷீல்டு லைஃப் பணம் தராது. அங்கே இருக்கும் காலத்துக்கும் சந்தா மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

தனியார் நிறுவனங்கள் அதன் மேல் கட்டித் தரும் ஒருங்கிணைந்த திட்டத்தில்தான் சிக்கல் அதிகம். அதன் கூடுதல் சந்தாவுக்கு மெடிசேவில் உச்சவரம்பு உண்டு: அடுத்த பிறந்தநாள் வயது 40 வரை ஆண்டுக்கு 300 வெள்ளி (டாலர்), 41 முதல் 70 வரை 600, அதற்கு மேல் 900. மிச்சம் ரொக்கம். நாம் கையிலிருந்து கட்ட வேண்டிய பங்கைக் குறைக்கும் ரைடர் என்ற இணைப்புக்கு மெடிசேவைத் தொடவே முடியாது, அது முழுக்க ரொக்கம்தான். எழுபதைத் தாண்டும்போது சந்தா எகிறும். சம்பளம் வந்த காலத்தில் தெரியாத இந்தத் தொகை, ஓய்வில் சுமையாகிவிடும்.

அப்போது பலர் கோபத்தில் திட்டத்தையே ரத்து செய்கிறார்கள். அதைவிட, அதே நிறுவனத்தில் கீழ் வகுப்புத் திட்டத்துக்கு இறங்கலாம்; அல்லது ரைடரை மட்டும் விடலாம். இறங்குவதற்குப் பொதுவாக உடல்நிலையை மறுபடி பார்ப்பதில்லை. திரும்ப ஏறுவதற்குத்தான் பார்ப்பார்கள். வேறு நிறுவனத்துக்கு மாறுவதும் புது விண்ணப்பம்தான். முகவர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும், பழைய நோய்களைப் புதிய நிறுவனம் ஏற்கிறதா என்பதை எழுத்தில் பார்க்காமல் பழையதை விடாதீர்கள். அப்படியே எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டாலும் அடியில் மெடிஷீல்டு லைஃப் இருக்கும்.

நீண்டகாலப் பராமரிப்புக்கு உரிய காப்புறுதி கேர்ஷீல்டு லைஃப். 1980க்குப் பிறகு பிறந்தவர்களுக்கு மட்டுமல்ல, 1980இல் பிறந்தவர்களுக்கும் அது கட்டாயம். 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு விருப்பம். ஆனால் கடும் உடற்குறை வருவதற்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். இதற்கு முன்பிருந்த பழைய திட்டமான எல்டர்ஷீல்டு மாதம் 300 வெள்ளி வீதம் 5 ஆண்டுகள், அல்லது 400 வீதம் 6 ஆண்டுகள் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கேர்ஷீல்டில் உடற்குறை நீடிக்கும்வரை பணம் வரும். 2020இல் மாதம் 600 வெள்ளியாகத் தொடங்கி, 2025இல் 662 ஆனது. தாமதமாகச் சேர்பவர்கள் 67 வயது வரை, அல்லது குறைந்தது 10 ஆண்டுகள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை சந்தா கட்ட வேண்டும்.

பணம் கோரும்போது எது தவறுகிறது? நோயின் பெயரைச் சொன்னால் போதும் என்று நினைப்பது. இங்கே நோய் கணக்கில்லை. குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறைக்குப் போவது, நடமாடுவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது என்ற ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலைதான் கணக்கு. அதையும் சுகாதார அமைச்சு அங்கீகரித்த மதிப்பீட்டாளர்தான் உறுதிசெய்ய வேண்டும். வழக்கமாகப் பார்க்கும் டாக்டரின் கடிதம் மட்டும் போதாது.

சேரவே முடியாமல் போனவர்கள், 30 வயதும் அதற்கு மேலும் ஆன கடும் உடற்குறை உள்ளவர்களாக இருந்தால், மெடிசேவ் இருப்பைப் பொறுத்து மாதம் 200 வெள்ளி வரை ரொக்கமாக எடுக்க வழி இருக்கிறது. வாழ்க்கைத்துணையின் மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம்.

முன்னோடி, மெர்டேக்கா தலைமுறையினர் என்று அரசாங்கம் அழைக்கும் மூத்த குடிமக்களுக்கு மெடிஷீல்டு லைஃப் சந்தாவிலும் அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலும் கூடுதல் கழிவு தானாக வந்துவிடும். மற்றவர்கள், தனியார் மருந்தகங்களில் கட்டணத்தைக் குறைக்கும் சாஸ் அட்டைக்கு விண்ணப்பிக்கத்தான் வேண்டும். அது குடும்பத்தில் ஒரு தலைக்கு வரும் வருமானத்தைப் பார்க்கிறது. வேலையிலிருந்து நின்றதும் அந்தக் கணக்கு மாறும். ஆரஞ்சு அட்டை வைத்திருந்தவருக்கு அதைவிடக் கூடுதல் சலுகை தரும் நீல அட்டை கிடைக்கக்கூடும்.

மெடிசேவ் வற்றிவிட்டால் பிள்ளைகள் தங்கள் மெடிசேவிலிருந்து பெற்றோரின் சந்தாவைக் கட்டலாம். அரசாங்க மின்னடையாளமான சிங்பாஸ் கொண்டு மசேநி இணையத்தளத்தில் நுழைந்தால், எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு கழிகிறது என்பதைப் பார்க்கலாம். அந்தப் பக்கத்தை மகனோ மகளோ பக்கத்தில் இருக்கும்போது ஒருமுறை திறந்து பாருங்கள். நன்றி, வணக்கம்.