அங்கீகாரத்தைப் பறித்தால் ஹேசிங் ஒழியுமா?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். "அமெரிக்க வளாகங்களில் ஹேசிங் ஒழிய வேண்டுமா? உள்ளூர் சொராரிட்டிகளின் அங்கீகாரத்தைப் பறி!" என்று முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார் எதிரணித் தலைவி. ஹேசிங் என்பது சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களைப் படாதபாடு படுத்தும் சடங்கு. கைதட்டலும் பலமாக விழுந்தது. பறித்த மறுநாள் என்ன நடக்கும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

உள்ளூர் சொராரிட்டி என்பது ஒரே கல்லூரியில் முளைத்து அங்கேயே வேர்விட்ட மாணவியர் சங்கம். நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் சொராரிட்டிகளின் கூட்டமைப்பான தேசிய பான்ஹெலனிக் மாநாட்டில் இருக்கும் 26 அமைப்புகளுக்குத் தலைமையகம் உண்டு, காப்பீடு உண்டு, தட்டிக்கேட்க ஆலோசகர்கள் உண்டு. உள்ளூர்க்காரர்களுக்கு மேலே இருப்பது கல்லூரி அலுவலகம் ஒன்றுதான். அந்த ஒற்றைக் கயிற்றையும் அறுக்கச் சொல்கிறார் தலைவி!

நம் ஊர் ராகிங்கில் மாட்டுகிறவன் அதைக் கேட்டு வாங்கவில்லை. அமெரிக்காவில் 'பிளெட்ஜ்', அதாவது சங்கத்துக்குப் புதியவள், தானே விரும்பிச் சேர வருகிறாள். அதனால் வாய் திறக்க மாட்டாள். தொடக்கம் விளையாட்டாகத்தான் இருக்கும். தீக்குச்சி எரிந்து விரலைச் சுடுவதற்குள் கிரேக்க எழுத்து 24-ஐயும் ஒப்பிக்க வேண்டும். பிறகு நள்ளிரவில் அக்காமாருக்குக் கார் ஓட்ட வேண்டும். பிறகு வாசலிலேயே கைபேசியை வாங்கி வைத்துக்கொள்வார்கள். கடைசியில் 'பிக்-லிட்டில்' இரவு: அக்கா நீட்டுகிற பாட்டிலைத் தங்கை காலி செய்ய வேண்டும். கல்லீரல் மணிக்கு ஏறத்தாழ ஒரு கேன் பியரில் இருக்கும் சாராயத்தைத்தான் கரைக்கும். மளமளவென்று குடித்தவளுக்கு, நிறுத்திய பிறகும் போதை ஏறிக்கொண்டே போகும். "தூங்கினால் தெளிந்துவிடும்" என்று மல்லாக்கப் படுக்கவைத்தால் வாந்தி மூச்சுக்குழலை அடைத்துவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, பக்கத்திலேயே இருந்து அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்க வேண்டிய நேரம் அது. சங்கமே தடைபட்டது என்றால் எந்தக் கை ஃபோனை எடுக்கும்?

தடைக்குப் பிறகு நடந்ததற்குச் சாட்சி கலிஃபோர்னியாவின் சிக்கோ நகரம். கை டாவ் என்ற உள்ளூர் ஆண்கள் சங்கத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே கைகழுவியிருந்தது. சங்கம் கலைந்ததா? 2005 பிப்ரவரியில் அதே சங்கத்தின் நிலவறையில், குளிரில், மின்விசிறிக் காற்றில் நிறுத்தி, குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கவைத்தார்கள். ரத்தத்தில் சோடியம் சரிந்து, மூளை வீங்கி, 21 வயதுப் பையன் இறந்தான். சாராயம்கூட இல்லை, வெறும் தண்ணீர்! ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரி 1984-இல் ஆண்கள் சங்கங்களை ஒழித்தது. அவை வளாகத்துக்கு வெளியே தொடர்ந்து இயங்க, 2014-இல் மறுபடியும் தடை போட வேண்டி வந்தது. முப்பது வருடம்! மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினால் பூச்சியாவது சாகும். இங்கே அதுவும் சாகவில்லை.

"ஒரு சங்கத்தின் தப்புக்கு எல்லாச் சங்கமும் அடிபடுகிறதே" என்றார் தலைவி. உண்மைதான். 2017 நவம்பரில் ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் இறந்ததும், அத்தனை ஆண்கள், பெண்கள் சங்கங்களுக்கும் பூட்டு விழுந்தது. அதற்குத்தான் கணக்குக் கேட்கிற அதிகாரம் கல்லூரியின் கையில் இருக்க வேண்டும் என்கிறோம். சேர்க்கைக் காலத்தைச் சில நாள்களாகச் சுருக்கட்டும். எங்கே, எத்தனை மணிக்கு, யார் பொறுப்பில் என்று ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்கூட்டியே எழுதி வாங்கட்டும். மாணவி அல்லாத ஆலோசகர் ஒருவர் கட்டாயம் இருக்கட்டும். 911-ஐ அழைத்தவளுக்குத் தண்டனை இல்லை என்று எழுத்தில் கொடுக்கட்டும். மீறினால் இடைநிறுத்தம்.

2024 டிசம்பரில் கையெழுத்தான வளாக ஹேசிங் தடுப்புச் சட்டப்படி, விதி மீறிய சங்கத்தின் பெயரைக் கல்லூரி பகிரங்கமாக வெளியிட்டாக வேண்டும். ஆனால், பெயர் போடும் அந்த அறிக்கை கல்லூரி தொடங்கிய அல்லது அங்கீகரித்த சங்கங்களுக்கு மட்டும்தான். அங்கீகாரத்தைப் பறித்துவிட்டால், மகளைச் சேர்க்க வரும் பெற்றோர் அந்தப் பெயரை எந்தப் பக்கத்தில் தேடுவார்கள்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதைப் பேசட்டும், நடுவர் அவர்களே.