வாடகை மாடியில் ஒரு நூலகமும் 24 சக்கரங்களும்

வணக்கம். எங்கள் தெரு நூலகத்தைப் பற்றிய முந்தைய காணொளிகளைப் பார்த்தவர்களுக்கு, மூன்றடித் தட்டுகள் நடுவில் தொய்ந்துபோனதும் அதற்காக நான் தச்சரோடு மல்லுக்கு நின்றதும் நினைவிருக்கும். அந்த அலமாரிகள் போய்விட்டன. எனக்குப் பின்னால் நிற்கும் ஆறும் புதியவை. இதோ, ஒரு கையால் தள்ளுகிறேன், நகர்வதைப் பாருங்கள். இதைக் காட்டத்தான் இன்று கேமராவை எடுத்தேன்.

"ஏன் நான்கடி உயரம்? கூரைவரை அடுக்கினால் இரண்டு மடங்கு புத்தகம் கொள்ளுமே" என்று பலர் கேட்டிருந்தீர்கள். இது குடியிருப்புக்காகக் கட்டிய வீட்டின் முதல் மாடி. கட்டடங்கள் தாங்கவேண்டிய சுமையைச் சொல்லும் ஐஎஸ் 875 இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி, வீட்டு அறைத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன் (ஏறத்தாழ 200 கிலோ எடை) என்றும், நூலகத்தில் நூல்களை அடுக்கிவைக்கும் அறைக்கு 6 என்றும் வைத்திருக்கிறது. அந்த 6கூட 2.2 மீட்டர் உயரம்வரைதான், அதற்குமேல் ஒவ்வொரு மீட்டருக்கும் இன்னும் 2 சேர்க்க வேண்டும். வாடகைக்கு இடம் பார்க்கும்போது எல்லோரும் வெளிச்சத்தையும் முன்பணத்தையும் பார்க்கிறோம், தளத்தை யாரும் பார்ப்பதில்லை. அதனால் அலமாரிகளைக் குட்டையாக்கி, சுவரோரமாக நிறுத்தி, அறையின் நடுவைக் காலியாக விட்டோம். மாலை ஆறு மணிக்கு அதே நடுவில் டியூஷன் நடக்கிறது. வாடகையில் பாதி டியூஷன் நடத்துபவர்களுடையது.

இனி சக்கரங்களுக்கு வருகிறேன். அருகிலிருக்கும் கடையில் ஒரு சக்கரத்துக்கு 280 ரூபாய் சொன்னார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. வெயிலில் பாரிமுனைக்குப் போய், நான்கு கடை ஏறி இறங்கி, அதே அளவு, அதே ரப்பர், பிரேக்கும் சேர்த்து 190 ரூபாய்க்கு வாங்கினேன். அலமாரிக்கு நான்கு வீதம் 24 சக்கரங்கள். ஆக 2,160 ரூபாய் மிச்சம். பேருந்தில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்த என் பெருமிதத்தைப் படம்பிடிக்க யாரும் இல்லையே என்பதுதான் குறை.

தட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பலகை அதே 18 மி.மீ. பிளைவுட்தான். ஆனால் நீளத்தை இரண்டரை அடியாகக் குறைத்து, முன்விளிம்பின் அடியில் ஒரு மரப்பட்டி ஒட்டியிருக்கிறோம். இரண்டு மாதமாகிறது, தொய்வே இல்லை. மூன்றடித் தட்டு நிறைய நூல்களை அடுக்கினால் எடை 30 கிலோவைத் தாண்டும் என்பதை அந்தத் தச்சர் கடைசிவரை நம்பவில்லை.

எல்லாவற்றையும் நகரும்படி செய்ததற்குக் காரணம் ஆர்ச்சர்ட் நூலகம். சிங்கப்பூரில் 1999இல் ஒரு பேரங்காடிக்குள் திறந்த அந்தப் பொது நூலகம் 2007இல் மூடப்பட்டு, 2014இல்தான் அதே ஆர்ச்சர்ட் சாலையில் வேறொரு பேரங்காடியின் இரண்டு தளங்களில் திரும்பி வந்தது. பிறர் கட்டடத்தில் இருக்கும் நூலகம் என்றைக்காவது மூட்டை கட்டவேண்டியிருக்கும். ஆர்ச்சர்ட் நூலகம் திரும்பி வந்தபோது வளைந்த வெள்ளை அலமாரிகளோடு வந்தது. நூல்களின் முதுகுக்குப் பதில் அட்டைகள் வாசகரைப் பார்த்து நின்றன. இடம் வீணாகிறது என்று கணக்குப் பார்ப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. நாங்களும் ஒவ்வொரு அலமாரியிலும் மேல்தட்டை அப்படியே ஒதுக்கினோம், அங்கிருப்பவைதான் முதலில் இரவலுக்குப் போகின்றன. இதற்கு நேரெதிரானது பூட்டுப்போட்ட கண்ணாடி பீரோ. அதை எந்த நூலகத்தில் பார்த்தாலும் எனக்குக் கோபம் வரும். சாவி வைத்திருப்பவர் அன்று விடுப்பில் இருப்பார்.

பொறுங்கள், முன்பு சொன்ன சக்கரக் கணக்கில் ஒரு பிழை. பிரேக் உள்ள சக்கரம் அலமாரிக்கு இரண்டுதான், மொத்தம் 12. பிரேக் இல்லாத 12ஐ அருகிலிருந்த கடையிலேயே முன்பே வாங்கிவிட்டிருந்தேன். ஆகவே மிச்சம் 1,080 ரூபாய். பேருந்துக் கட்டணத்தை இன்னும் கழிக்கவில்லை, கழிக்கப்போவதுமில்லை.

இன்னும் பெயர்ப்பலகை மாட்டவில்லை. சுவரில் ஓட்டை போடக்கூடாது என்று வீட்டுக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், வரும் ஞாயிற்றுக்கிழமை அதை வாசல் கேட்டில் கம்பி கொண்டு கட்டப்போகிறோம்.