இருட்டில் சாப்பிட்ட அர்ஜுனன்

நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் இருக்கும் அக்காமாரே, அண்ணன்மாரே, நாசி கண்டார் சோற்றுக்கடை வரிசையை விட்டுவிட்டு இந்த மண்டபத்துக்கு வந்திருக்கும் பினாங்கு மக்களே, எல்லோருக்கும் வணக்கம்.

ஆட்டக்காரர் தன்னை மறந்து ஆட்டத்தோடு ஒன்றிப்போகும் நிலையைத் தருவது பயிற்சியா, மனமா? இதுதான் தலைப்பு. பயிற்சிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

இந்த நிலைக்கு ‘ஃப்ளோ’ என்று பெயர் வைத்த உளவியல் அறிஞர் மிஹாய் சிக்சென்ட்மிஹாயி. அந்தப் பெயரைத் தடுக்கி விழாமல் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. முதல் நாள் நாக்கை நினைத்து நினைத்துச் சொன்னேன், வரவில்லை. இன்று நினைக்காமலே வந்துவிட்டது. என் வாதம் இங்கேயே முடிந்துவிட்டது ஐயா, ஆனாலும் கொடுத்த நேரத்தை வீணாக்கக் கூடாதே!

எதிரணித் தலைவர் அக்கா அர்ஜுனனை அழைத்து வந்தார். மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் கண் மட்டும் தெரிந்தது, அதுதான் மன ஒருமை என்றார். கைதட்டலும் வாங்கிக்கொண்டார். அதற்கு முந்திய கதையை ஏன் அக்கா விட்டுவிட்டார்? ஒரு ராத்திரி அர்ஜுனன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது காற்றில் விளக்கு அணைந்துபோனது. கை நிற்கவில்லை. சோற்றுக்கும் வாய்க்கும் அதுபாட்டுக்குப் போய் வந்துகொண்டே இருந்தது. இருட்டில் கைக்கு வாய் தெரிகிறதென்றால் அம்புக்கு இலக்கு தெரியாதா என்று எழுந்து போய், அந்த இருட்டிலேயே வில் பழகினான். நாண் சத்தம் கேட்டுத் துரோணர் ஓடி வந்து கட்டிக்கொண்டார். வில்லைப் பிடிக்கிற கவலையைக் கை எடுத்துக்கொண்டது, அதனால்தான் பின்னால் கண்ணுக்குப் பறவையைப் பார்ப்பது தவிர வேறு வேலை இல்லாமல் போனது.

அர்ஜுனன் பெரிய ஆள். என் கதைக்கு வருகிறேன். பட்டர்வொர்த்தில் வாரம் இரண்டு ராத்திரி பூப்பந்து, அதாவது பேட்மிண்டன், இரட்டையர் ஆடுகிறவன் நான். போன மாதம் ஒரு ஆட்டத்தில் 8-14 என்று கிடந்து, அங்கிருந்து ஏறினோம். பக்கத்துக் கோர்ட் சத்தம்கூட என் காதில் விழவில்லை. பந்து வருகிற இடத்தில் நான் ஏற்கெனவே நிற்கிறேன். 17-17. சர்வீஸ் என் கையில். இடது கை இரண்டு விரலில் இறகின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பின்னால் நின்ற பங்காளி சொன்னான்: “அண்ணே, கட்டைவிரலை நல்லா அழுத்திப் பிடிங்க.” அவ்வளவுதான். எனக்கு ஒரு கட்டைவிரல் இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. பந்து வலையில் போய் உட்கார்ந்தது. அடுத்த சர்வீஸ் எங்கள் கைக்கு வரவே இல்லை. 17-21.

“பார்த்தீர்களா, மனம் கெட்டதால்தான் ஆட்டம் கெட்டது” என்று எதிரணி குதிக்கும். நான் கேட்கிறேன், கெடுத்தது மனம் சரி, 8-லிருந்து 17 வரை கொண்டுவந்து கொடுத்தது யார்? கைதானே! சியன் பைலாக் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 2002-இல் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கால்பந்தை உருட்டிக்கொண்டு போகும்போது, பாதத்தின் எந்தப் பக்கம் பந்தில் படுகிறது என்று கவனிக்கச் சொன்னார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள். புதியவர்களுக்கோ அந்தக் கவனம் உதவியது. பழகாத காலை மனம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், பழகிய காலிடமிருந்து விலகி நிற்க வேண்டும். பழகாமல் விலகி நின்றால் அதற்குப் பெயர் ஃப்ளோ இல்லை ஐயா, அலட்சியம்.

அடுத்து வந்த அண்ணன் நம்ம பினாங்குப் பெண் நிக்கோல் டேவிட்டைச் சொன்னார். 2014, கெய்ரோ, சுவர்ப்பந்து, அதாவது ஸ்குவாஷ், உலகப் போட்டியின் இறுதி ஆட்டம். நான்காவது செட்டில் 6-10. எகிப்தின் ரனீம் எல் வெலீலிக்கு இன்னும் ஒரே ஒரு புள்ளி. அங்கிருந்து மீண்டு, எட்டாவது உலகப் பட்டம். மன உறுதி என்றார் அண்ணன். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மன உறுதி மட்டும் போதுமென்றால் என்னை உள்ளே விட்டுப் பாருங்கள். என் உறுதி என் வீட்டுக்கே தெரியும், பந்துதான் சுவருக்குப் போகாது! இளம் வயதிலேயே ஆம்ஸ்டர்டாம் போய் லிஸ் எர்விங்கிடம் பயின்றவர் அவர். 2006-லிருந்து 108 மாதம் தொடர்ந்து உலகின் முதலிடத்தில் இருந்தவர். 6-10-இல் மனம் நம்பிக்கையாகச் சாய்ந்துகொள்ள அத்தனை வருட உழைப்பு பின்னால் நின்றது.

நம்ம பூப்பந்து வீரர் லீ சோங் வெய் பயிற்சியில் குறைந்தவரா, 2012 ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் 19-21 என்று கைவிட்டுப் போனதே என்றும் கேட்டார்கள். எதிரில் நின்ற லின் டான் என்ன, பயிற்சி செய்யாமல் தியானம் பண்ணிவிட்டா வந்தார்?

சிக்சென்ட்மிஹாயியே சொல்கிறார்: சவாலும் திறமையும் ஈடுகொடுக்கும்போதுதான் அந்த நிலை வாய்க்கும். திறமை குறைந்தால் பதற்றம், சவால் குறைந்தால் சலிப்பு. அந்தத் திறமை எந்தக் கடையில் விற்கிறது?

பழகினால் அந்த நிலை கட்டாயம் வரும் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். வராத நாள்தான் அதிகம். வராத நாளிலும் பழகிய கை ஆட்டத்தைக் கொஞ்சமாவது காப்பாற்றும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அந்தப் பங்காளி மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறான். மேடை ஏறும்போது, “அண்ணே, கையை ரொம்ப ஆட்டாதீங்க” என்றான். இவ்வளவு நேரமும் இந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்தான் பேசிக்கொண்டிருக்கிறேன், நடுவர் ஐயா. நன்றி, வணக்கம்.