பிரெவே ஊர் முழுக்கப் பரவட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை எங்களுக்காக ஒதுக்கி வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

"நெடுந்தூர சைக்கிள் பயணமான பிரெவே, ஆர்வலர் வட்டத்துக்குள் இருப்பதே நல்லதா, ஊர் முழுக்கப் பரவ வேண்டுமா?" இதுதான் தலைப்பு. பரவியே ஆக வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் மூன்று கேள்விகளை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்திருக்கிறார். கூட்டம் சேர்ந்தால் விபத்து பெருகாதா? பணமும் விளம்பரமும் புகுந்தால் இதன் குணம் கெடாதா? சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு மோட்டார் பைக்குக்குப் போய்விட்ட நம் மக்கள் இதற்கு வருவார்களா? மூன்றும் நியாயமான கேள்விகள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

அதற்கு முன், பிரெவே என்ற பேரையே இன்றுதான் கேட்கிறவர்கள் சபையில் இருப்பீர்கள். 200, 300, 400, 600 கிலோமீட்டர் தூரங்களைக் குறித்த நேரத்துக்குள், பின்னால் துணை வண்டி எதுவும் வராமல், நாமே மிதித்து முடிப்பதுதான் பிரெவே. ஓட்டுகிறவர்கள் பிஆர்எம் என்பார்கள். 200-க்குப் பதின்மூன்றரை மணி நேரம். 300-க்கு 20 மணி, 400-க்கு 27, 600-க்கு 40. பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் என்ற சைக்கிள் கிளப் வகுத்த கணக்கு இது. உலகம் முழுக்க இதேதான். கிளம்பும்போது கையில் ஒரு கார்டு தருவார்கள். வழியில் கன்ட்ரோல் என்று குறித்த இடங்களில் நேரம் எழுதி சீல் வாங்க வேண்டும். ஆள் இல்லாத கன்ட்ரோலாக இருந்தால் பக்கத்து ஏடிஎம்மில் பணம் எடுத்த சீட்டைக் காட்டலாம், கடை பில்லைக் காட்டலாம். பஞ்சர் ஆனால் நாமே டியூப் மாற்ற வேண்டும். பரிசு கிடையாது. முதலிடம், இரண்டாமிடம் கிடையாது. எட்டு மணி நேரத்தில் வந்தவருக்கும், கடைசி நிமிடத்தில் காலை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தவருக்கும் ஒரே மரியாதை. பதக்கம் வேண்டுமென்றால் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். எல்லாருக்கும் ஒரே பதக்கம்தான்.

200 கிலோமீட்டருக்குப் பதின்மூன்றரை மணி நேரம் என்றால் என்ன வேகம்? மணிக்குப் பதினைந்து கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. அதுவும் சாப்பிட நின்றது, தண்ணீர் குடிக்க நின்றது, பஞ்சர் பார்த்தது எல்லாம் சேர்த்து. விடியற்காலையில் கேரியரில் பால் கேனைக் கட்டிக்கொண்டு போகிறாரே, அவருடைய வேகத்தை நினைத்துப் பாருங்கள். நாள் முழுக்க விடாமல் மிதிக்கும் பொறுமை இருந்தால் போதும் என்று இந்த விளையாட்டின் சட்டமே சொல்கிறது. நுழைவுக் கட்டணமும் சில நூறு ரூபாய்தான். சாமானியனை மனதில் வைத்து இதைவிடத் தாராளமாக விதி எழுதிய விளையாட்டு எனக்குத் தெரிந்து வேறில்லை, நடுவர் அவர்களே.

ஆனால் இன்றைக்கு யார் ஓட்டுகிறோம்? ஐ.டி. கம்பெனிக்காரர்கள், டாக்டர்கள், சொந்தத் தொழில் செய்கிறவர்கள். பதிவு ஆங்கிலத்தில். விதிமுறை ஆங்கிலத்தில். வழிக்குறிப்பும் ஆங்கிலத்தில். கிளம்புகிற இடத்தில் நிற்கும் வண்டிகளில் பல, லட்ச ரூபாயைத் தாண்டியவை. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. நம் நாட்டில் பிரெவே நடத்துவதற்காகப் புனேயின் திவ்யா டாட்டே முன்னின்று கட்டிய ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் அமைப்பும், ஊர் ஊராகச் சம்பளமில்லாமல் உழைக்கும் கிளப் ஆட்களும் இல்லையென்றால் இந்த விளையாட்டே நம் பக்கம் எட்டிப் பார்த்திருக்காது. விதி திறந்து வைத்திருக்கும் வாசல் இன்னும் பலர் கண்ணில் படவில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

ஒரு 300-இல் நடந்ததைச் சொல்கிறேன். நள்ளிரவு தாண்டிய நேரம். விராலிமலைக்குத் தெற்கே நெடுஞ்சாலையோரம் ஒரு டீக்கடை. சீட்டு வேண்டும் என்று கேட்டேன். பில் புக்கெல்லாம் அவரிடம் இல்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் கடைப் பேரையும் நேரத்தையும் எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அப்புறம் கேட்டார்: "ஜெயிச்சா எவ்வளவு தருவாங்க தம்பி?" ஒன்றும் தர மாட்டார்கள் என்றேன். பாலை ஆற்றிக்கொண்டே என் வண்டியை ஒரு பார்வை பார்த்தார். "எம்மவன் பாலிடெக்னிக் படிக்கிறான். பதினொண்ணாவதுல கவர்மென்ட்டு குடுத்த சைக்கிள்லதான் இன்னும் போறான். அவனச் சேத்துக்குவாங்களா?" பதினெட்டு வயது முடிந்துவிட்டது, ஹெல்மெட் உண்டு, முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு சிவப்பு விளக்கு, இரவில் மேலே போட ஒளிரும் சட்டை உண்டு என்றால், அவனை வேண்டாம் என்று சொல்ல விதியில் இடமே இல்லை. கியர் இல்லாத கனமான வண்டியில் 200 முடிப்பது லேசு என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பழக வேண்டும். ஆனால் பழகிப் பார்க்கலாம் என்பதே அவனுக்கு இதுவரை யாரும் சொல்லாத செய்தி.

இப்போது, பணம் புகுந்து குணம் கெடும் என்ற கேள்வி. இதற்கு என் பதில் பிரான்ஸில் இருக்கிறது. பாரிஸிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர்ப் பயணம், பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். இதை 1891-இல் தொடங்கியதே லெ பெத்தி ஜூர்னால் என்ற செய்தித்தாள்தான். விளம்பரத்துக்காகத் தொடங்கியது. பரிசுப் பந்தயம். சார்ல் தெரோன் என்பவர் தூங்காமல் ஓட்டி 71 மணி 22 நிமிடத்தில் ஜெயித்தார். அந்தப் பந்தயம் என்ன ஆயிற்று? பத்து ஆண்டுக்கு ஒருமுறை என்ற அளவில் நடந்து, 1951-க்குப் பிறகு ஓட ஆள் வராமல் நின்றே போயிற்று. பரிசில்லாத சாதாரண ஓட்டிகளுக்காக ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் 1931-இல் தொடங்கியது மட்டும் உயிரோடு இருக்கிறது. நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2023-இல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓட்டினார்கள். இந்தியாவிலிருந்து போனவர்களே நூற்றுக்கணக்கானோர். இவ்வளவு பேர் சேர்ந்த பிறகும் அங்கே பரிசுத் தொகை வரவில்லை, மேடை வரவில்லை. அதே கார்டு, அதே சீல், 90 மணி நேரக் கெடு. ஆள் பெருகினால் குணம் கெடும் என்பதற்கு அந்தப் பயணம் சாட்சி சொல்லவில்லை.

அங்கே போய் ஓட்டியவர்களிடம் எதைக் கண்டீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். மேட்டைப் பற்றியும் குளிரைப் பற்றியும் சொல்வதற்கு முன்னால், வழியிலுள்ள கிராமத்து ஜனங்களைப் பற்றித்தான் சொல்வார்கள். வீட்டு வாசலில் மேசை போட்டு, ராத்திரி இரண்டு மணிக்கு காபியும் தண்ணீரும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒரு வீட்டில் தோசை போன்ற க்ரேப்பைச் சுடச்சுட ஊற்றிக் கொடுத்துவிட்டு, காசு வாங்காமல், "உங்கள் ஊருக்குப் போய் ஒரு தபால் அட்டை போடுங்கள்" என்று மட்டும் கேட்பார்கள். வில்லேன்-லா-ஜுயெல் என்ற சின்ன ஊரில் அன்றைக்குத் திருவிழாதான். களைத்து வரும் ஓட்டியின் சாப்பாட்டுத் தட்டை அந்த ஊர்ப் பிள்ளைகள் வாங்கிச் சுமந்து மேசை வரைக்கும் கொண்டுபோய் வைப்பார்கள். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் பெரியவர்களாகி 1,200 கிலோமீட்டர் ஓட்டப் போகிறார்கள்? மிகச் சிலர்தான். ஆனால் இது எங்கள் ஊர் விளையாட்டு என்று அந்த ஊரே நினைக்கிறது. நடுவர் அவர்களே, பரவ வேண்டும் என்று எங்கள் அணி சொல்வது இதைத்தான். எல்லாரும் 600 ஓட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ராத்திரி சாலையில் ஒரு சைக்கிள் போனால், போகிறவர் யார், எதற்குப் போகிறார் என்று வழியிலிருக்கும் ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விபத்துக் கேள்விக்கு வருகிறேன். எதிரணித் தலைவர் உண்மையான அக்கறையோடு கேட்டார். நம் நெடுஞ்சாலையில் ராத்திரி ஓட்டுவது எவ்வளவு ஆபத்து என்று ஓட்டுகிற எனக்கும் தெரியும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். பிரெவே ஓட்டியின் முதுகில் ஒளிரும் சட்டை இருக்கிறது, பின்னால் சிவப்பு விளக்கு இருக்கிறது. இல்லையென்றால் கிளம்பவே விட மாட்டார்கள். அதே சாலையில் இரவு ஷிப்ட் முடிந்து ஒரு வாட்ச்மேன் சைக்கிளில் போகிறார். அவர் வண்டியில் எந்த விளக்கும் இல்லை. லாரிக்காரர் கண்ணுக்கு அவர் தெரிவதே இல்லை. அவர் தினமும் போகிறார். நாங்கள் எப்போதோ ஒருநாள் போகிறோம். இந்த விளையாட்டு கற்றுக்கொடுத்த பாதுகாப்புப் பழக்கம், அது யாருக்கு அதிகம் தேவையோ அவரிடம் போகாமல் எங்களுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கலாமா? கூட்டம் சேரும் என்ற பயத்துக்கும் வழி இருக்கிறது. ஒரே நாளில் ஒரே இடத்தில் ஆயிரம் பேரைத் திரட்ட வேண்டியதில்லை. தேனியில் முப்பது பேர், காரைக்குடியில் முப்பது பேர், தென்காசியில் முப்பது பேர் கிளம்பட்டும். சின்னச் சின்னதாக, பல ஊர்களில்.

கடைசியாக, மக்கள் வருவார்களா என்ற கேள்வி. இதைத் தமிழ்நாட்டில் நின்றுகொண்டு கேட்கலாமா? 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள், டீச்சர்கள் என்று ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். கேலி பேசினார்கள், அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்க வசதி என்று அதையே விரும்பி வாங்கியவர்களும் உண்டு. பின்னால் தண்ணீர்க் குடம், முன்னால் பிள்ளை, நடுவில் அம்மா. 1992 மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டைத் தெருக்களில் வந்தார்கள். அவர்களை யாரும் பரிசு காட்டி அழைக்கவில்லை. கற்றுக்கொடுக்க ஆள் இருந்தது, உன்னால் முடியும் என்று சொல்ல ஓர் இயக்கம் இருந்தது, அவர்கள் வந்தார்கள். அந்தப் பெண்களின் பேத்திகளுக்கு இன்றைக்கு அரசுப் பள்ளியிலேயே சைக்கிள் கிடைக்கிறது. பள்ளி முடிந்ததும் அந்த வண்டி திண்ணையோரம் துருப்பிடிக்கிறது. மக்கள் வர மாட்டார்கள் என்று நாம் சொல்லலாமா? நாம் இன்னும் அவர்களை அழைக்கவே இல்லையே!

ஆகவே எங்கள் அணி கேட்பது அதிகமில்லை. விதிமுறையையும் வழிக்குறிப்பையும் தமிழில் ஒரே தாளில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் நடந்து வரும் தூரத்தில் கிளம்புமிடம் இருக்க வேண்டும். கன்ட்ரோல் வைக்கும் இடத்தில் பெண்களுக்குப் பூட்டுள்ள கழிப்பறை இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வழியை முடிவு செய்ய வேண்டும். விளக்கும் ஒளிரும் சட்டையும் வாங்க முடியாதவருக்குக் கிளப் இரவல் தர வேண்டும். 200-க்கு முன்னால் ஐம்பது, நூறு என்று பழக்கப் பயணங்கள் நடத்த வேண்டும்.

இதை எந்த ஊரில் தொடங்குவது என்று கேட்டால் புதுக்கோட்டையைச் சொல்வேன். அங்கே கிளம்பி, அறந்தாங்கி வழியாக மணமேல்குடி போய், கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டித் திரும்பும் ஒரு 200. தீர்ப்பை எங்கள் பக்கம் சொல்லுங்கள், நடுவர் அவர்களே. சொல்லிவிட்டு, அன்றைக்கு மணமேல்குடி கன்ட்ரோலில் சீல் வைக்க நீங்களும் வாருங்கள். நன்றி, வணக்கம்.