அழைப்பு ஒருவருக்கு, பயணம் எல்லோருக்கும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"குடும்பத்தோடு அயல்நாட்டில் புதுவாழ்வு அமைப்பவர்களுக்குப் பெரிதும் துணை நிற்பது நம்பிக்கையா, முன்னேற்பாடா?" இதுதான் தலைப்பு. முன்னேற்பாடே என்று வாதாட எழுந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழியார் உட்கார்ந்த பிறகும் கைதட்டல் ஓயவில்லை. நானும்தான் தட்டினேன். தட்டிக்கொண்டே அவர் அழைத்துவந்த சாட்சிகளின் பெயரைக் குறித்துவைத்தேன். விவிலியத்தில் வரும் ஆபிரகாம், 1620-இல் மேபிளவர் கப்பலில் இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா போனவர்கள், இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய மதபோதகர் வில்லியம் கேரி. சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிவிட்டுக் குறுக்கு விசாரணைக்கு இடம் கொடுக்காமல் போவது முறையாகாது. நடுவர் அனுமதிக்க வேண்டும்.

முதலில் ஆபிரகாம். கடவுள் அழைத்ததும் போகும் இடம் தெரியாமலே கிளம்பினார், அதனால் விசுவாசிகளின் தகப்பன் ஆனார் என்றார் தோழியார். உண்மை. ஆனால் கதையை அங்கேயே நிறுத்திவிட்டாரே! போன நாட்டில் பஞ்சம் வந்தது. எகிப்துக்கு இறங்கிப் போனார்கள். அங்கே தம் உயிருக்குப் பயந்து, "நீ என் சகோதரி என்று சொல்" என்று மனைவியிடம் கேட்டுக்கொண்டார்.  அவள் எகிப்து மன்னன் பார்வோனின் அரண்மனைக்குக் கொண்டுபோகப்பட்டாள். பிறகு மீண்டு வந்தார்கள், அது வேறு. நான் கேட்பது ஒன்றுதான்: அழைப்பு வந்தது ஆபிரகாமுக்கு, அரண்மனைக்குள் தனியாக நின்றது யார்? அவர் மனைவி சாராள். இந்தக் கேள்வியைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள். என் வாதம் முழுவதும் இதில்தான் இருக்கிறது.

மேபிளவர் பயணிகள் 102 பேர். நம்பிக்கைக்காகக் கடல் கடந்தார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். அவர்களில் சமயக் காரணத்துக்காகப் போனவர்கள் அதற்கு முன்பே இங்கிலாந்தை விட்டு ஹாலந்துக்குப் போய், லைடன் நகரில் பத்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர்கள். அங்கே அவர்கள் வழிபாட்டை யாரும் தடுக்கவில்லை. அப்படியிருந்தும் ஏன் கிளம்பினார்கள்? உழைப்பு முதுகை ஒடித்தது, பிள்ளைகள் பிஞ்சு வயதிலேயே வேலைச் சுமையில் கூனினார்கள், வேற்று மொழிக்கும் வேற்றுப் பழக்கத்துக்கும் நழுவிக்கொண்டிருந்தார்கள் என்று அவர்களே காரணம் சொல்லியிருக்கிறார்கள். நம்பிக்கைக்கு ஒரு குறையும் இல்லாத ஊரில் பிழைப்புக்கு வழி இல்லை. பிறகு அமெரிக்கப் பயணமாவது ஒழுங்காக நடந்ததா? உடன் வரவேண்டிய இன்னொரு கப்பல் ஒழுகியது. புறப்பாடு தள்ளிப்போனது. குளிர்காலத்தின் வாசலில் கரை கண்டார்கள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்களுக்குச் சோளம் விதைக்கக் கற்றுக்கொடுத்தவர் அந்த மண்ணின் பூர்வகுடியான ஸ்குவாண்டோ. "மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்று தோழியார் அழகாகச் சொன்னார். ஊற்றட்டும். மழைக்காலத்தில் நட வேண்டிய மரத்தைப் பனிக்காலத்தில் நட்டவர் யார் என்று நான் கேட்கக்கூடாதா?

கேரியிடம் சற்று நின்றுதான் போக வேண்டும். செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஓர் ஏழை, கடவுளை நம்பி 1793-இல் குடும்பத்தோடு வங்காளம் வந்து வரலாற்றில் இடம் பிடித்தார் என்றார்கள். அவர் பெருமையைக் குறைக்க எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. அவருடைய மனைவி டாரதியைப் பற்றி மட்டும் எதிரணி வாய் திறக்கவில்லை. அந்தக் குறையை நான் தீர்த்துவைக்கிறேன்.

டாரதி வர மறுத்தார். நிறைமாதக் கர்ப்பிணி. பிறந்த வட்டாரத்தைத் தாண்டிப் பழக்கமில்லாதவர். கேரியோ மூத்த மகனை மட்டும் அழைத்துக்கொண்டு கப்பல் ஏறினார். கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதி இல்லாமல் ஏறியதால் அந்தக் கப்பலிலிருந்து இறக்கிவிடப்பட்டார்கள். விசாத் தொல்லை நம் காலத்தில் தோன்றியதென்று யாரும் நினைக்க வேண்டாம்! அந்தத் தாமதத்துக்குள் டாரதிக்குக் குழந்தை பிறந்துவிட்டது. மீண்டும் கேட்டார்கள். மீண்டும் மறுத்தார். கேரியோடு வரவிருந்த மருத்துவர் ஜான் தாமஸ் திரும்பிப் போய், "இப்போது வராவிட்டால் குடும்பம் நிரந்தரமாகச் சிதறிப்போகும், வாழ்நாள் முழுவதும் வருந்துவாய்" என்ற பொருள்படச் சொன்னார். அந்தப் பேச்சுக்குப் பயந்துதான் டாரதி இணங்கினார், அதுவும் தங்கை துணைக்கு வந்தால் வருகிறேன் என்று. நடுவர் அவர்களே, இதை நம்பிக்கைக் கணக்கில் எழுதுவதா, அச்சக் கணக்கில் எழுதுவதா?

வங்காளம் வந்த கொஞ்ச நாளிலேயே கையிலிருந்த பணம் தீர்ந்தது. பொறுப்பு ஏற்றிருந்த தாமஸ் செலவழித்துவிட்டார். கைக்குழந்தையோடு வாடகை வீடு மாறி மாறி, கடைசியில் சுந்தரவனக் காட்டுப் பகுதிக்கே போனார்கள். தாய்க்கும் மூத்த மகனுக்கும் வயிற்றுக்கடுப்பு. 1794-இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்துபோனான். அதன்பின் டாரதியின் மனநிலை சிதைந்தது. மீளவே இல்லை. 1807-இல் இறக்கும்வரை பல ஆண்டுகள் அப்படியே கழிந்தன. பக்கத்து அறையில் அவர் கூச்சலிட்டுக்கொண்டிருக்க, கேரி மொழிபெயர்ப்பு வேலையில் மூழ்கியிருந்தார் என்று அந்த வீட்டை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

அந்தக் குடும்பம் பட்டினியிலிருந்து தப்பியது எப்போது? முத்னாபதியில் அவுரித் தொழிற்சாலை மேலாளராகக் கேரிக்குச் சம்பள வேலை கிடைத்தபோது. அவர் பணி நிலைத்தது எப்போது? 1800-இல் செராம்பூருக்குப் போனபோது. அது டேனிஷ் ஆட்சிப் பகுதி. கம்பெனியின் தடை அங்கே செல்லாது. இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். அச்சுத் தொழில் தெரிந்த வார்டு வந்தார். பள்ளி நடத்தத் தெரிந்த மார்ஷ்மன் தம்பதியர் வந்தார்கள். வரவைப் பொதுவில் போட்டுச் செலவு செய்வதென்று விதி வகுத்தார்கள். ஹன்னா மார்ஷ்மன் வந்த அடுத்த ஆண்டே விடுதிப் பள்ளிகளைத் தொடங்கினார். கூட்டுக் குடும்பம் முழுவதும் அந்த வருவாயைப் பெரிதும் நம்பியிருந்தது. அந்த அம்மையார் ஜெபமும் செய்தார், பள்ளிக் கட்டணமும் வசூலித்தார். இரண்டுக்கும் நடுவே ஒரு முரணும் அவருக்குத் தெரியவில்லை. எதிரணிக்குத்தான் தெரிகிறது.

இப்போது என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். நம்பிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தனியாள் ஒருவர் நம்பிக்கையை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு எந்தக் கண்டத்துக்கு வேண்டுமானாலும் போகட்டும், கைகூப்பி வழியனுப்புவேன். தலைப்பில் "குடும்பம்" என்ற சொல் இருக்கிறதே! ஒரு வீட்டில் ஒருவர், "இவ்வளவு சேமிப்பு இருக்கிறது, ஆறு மாதம் தாங்கும், போகலாம்" என்றால் மனைவி எதிர்த்துப் பேசலாம். "ஆறு மாதம் தாங்காது, நான்குதான்" என்று மகள்கூடத் திருத்தலாம். அதே மனிதர், "கடவுள் என்னை அழைத்துவிட்டார்" என்றால்? யார் வாய் திறப்பார்கள்? திறந்தால் அது கணவரோடு போடும் சண்டையா, கடவுளோடு போடும் சண்டையா? கணக்கை மறுக்கலாம், அழைப்பை மறுக்க முடியாது. முன்னேற்பாடு என்று நான் சொல்வது வங்கி இருப்பையும் காப்பீட்டையும் மட்டுமல்ல. உடன் வருகிறவர்கள் "இல்லை" என்று சொல்வதற்கு மேசையில் ஓர் இடம் ஒதுக்குவதும் முன்னேற்பாடுதான். டாரதிக்கு அந்த இடம் கிடைக்கவில்லை.

"அப்படியானால் முன்னேற்பாடு என்பது நம்பிக்கைக் குறைவா?" என்று தோழியார் கேட்டார். பதிலுக்கு நான் ஒரு பயணத்தைச் சொல்கிறேன். கி.பி. 622. நபிகள் நாயகம் மக்காவிலிருந்து மதீனாவுக்குப் புலம்பெயர்ந்த பயணம். உலகின் ஒரு பெரும் சமூகம் தன் ஆண்டுக் கணக்கையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அது எப்படி நடந்தது? மதீனாவாசிகளோடு அகபா என்ற இடத்தில் முன்கூட்டியே உடன்படிக்கை ஆயிற்று. தோழர்கள் சிறு சிறு குழுக்களாக முன்னதாக அனுப்பப்பட்டார்கள். அவருடைய நெருங்கிய தோழர் அபூபக்கர் இரண்டு ஒட்டகங்களை மாதக்கணக்கில் தீனி போட்டுத் தயாராக வைத்திருந்தார். மதீனா வடக்கே இருக்க, இவர்கள் தெற்கே திரும்பி ஸவ்ர் குகையில் மூன்று இரவு தங்கினார்கள். அபூபக்கரின் மகன் பகலில் ஊருக்குள் இருந்து செய்தி திரட்டி இரவில் வந்து சொன்னார். கால்தடம் அழியும்படி ஆட்டு மந்தையை ஓட்டிவர ஓர் ஆள். கூலிக்கு அமர்த்திய வழிகாட்டியோ இஸ்லாத்தை ஏற்காதவர்! ஆனால் பாலைவனப் பாதையை நன்கு அறிந்தவர். எதிரணியினர் சொல்லட்டும், இதில் எந்த ஏற்பாடு நம்பிக்கைக் குறைவு?

இன்றைய காலத்துக்கு வருவோம், ஏனென்றால் இன்று கப்பல் ஒழுகுவதில்லை, காகிதம்தான் ஒழுகுகிறது. அமெரிக்காவுக்குச் சமயப் பணியாளராகப் போகிறவருக்கு ஆர்-1 என்றொரு விசா உண்டு. அதிகபட்சம் 5 ஆண்டு. மனைவி மக்களுக்கு ஆர்-2. அதில் வந்தவர் வேலை பார்க்கக்கூடாது. ஊரில் ஆசிரியராகவோ செவிலியராகவோ தலைநிமிர்ந்து இருந்த பெண், கணவரின் அழைப்புக்காக ஐந்து ஆண்டு வீட்டுக்குள். அங்கேயே நிரந்தரமாக வசிக்கும் உரிமைக்கு, அதாவது கிரீன் கார்டுக்கு, விண்ணப்பிக்கலாம். ஆனால் சமயப் பணியாளர்கள் நிற்கும் வரிசையைக் கணக்கிடும் முறை 2023-இல் மாறியதும் காத்திருப்பு நீண்டுவிட்டது. மகன் பதினேழு வயதில் வந்திருந்தால் விசா முடிவதற்குள் அவனுக்கு 21 ஆகிவிடும். அந்த வயதில் பெற்றோரைச் சார்ந்த விசா செல்லாது. அவன் எந்த நாட்டில் கல்லூரி முடிப்பான்? இதை விமானத்தில் ஏறுவதற்கு முன் உட்கார்ந்து படிக்க ஒரு மாலைப்பொழுது போதும். படிக்காமல் போய், பிறகு கண்ணீரோடு பிரார்த்திக்கும் குடும்பத்தின்மீது எனக்கு இரக்கம் உண்டு. படிக்க வேண்டாம் என்று அவர்களுக்கு உபதேசம் செய்தவர்மீது இல்லை.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. தோழியாரின் கடைசி வாதத்துக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். "யாரையும் தெரியாத ஊரில் இறங்கினார்கள், வழிபாட்டுச் சபையினர் விமான நிலையத்துக்கே வந்து அழைத்துப்போனார்கள், வீடு பார்த்துக் கொடுத்தார்கள், பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தார்கள், இதுதான் நம்பிக்கையின் பலன்" என்றார். அந்தச் சபையினர் வானத்திலிருந்து இறங்கினார்களா? முன்னால் போனவர்கள் ஒவ்வொரு வாரமும் வரவு எழுதி, ஒரு வாடகை வீட்டின் முன்பணத்துக்குத் தொகை ஒதுக்கி, கார் ஓட்டத் தெரிந்தவர்களின் பட்டியல் போட்டு, எந்தப் பள்ளியில் எந்தச் சான்றிதழ் கேட்பார்கள் என்று எழுதிவைத்திருக்கிறார்கள். வந்து இறங்கியவருக்கு அது அற்புதம். ஞாயிற்றுக்கிழமை மாலை வீட்டுக்குப் போகாமல் அந்தப் பட்டியலைத் திருத்திக்கொண்டிருந்த பொருளாளரைக் கேட்டுப் பாருங்கள், அவர் என் அணியில் வந்து உட்காருவார்.

எனக்குப் பின் எதிரணித் தலைவர் பேச இருக்கிறார். சுவையாகப் பேசுவார், தெரியும். ஆனால் உணர்ச்சி பொங்கப் பேசத் தொடங்கும் முன் அவர் ஒரு கேள்விக்கு நேராகப் பதில் சொல்ல வேண்டும். 1793-இல் டாரதி இரண்டாம் முறையும் "வரமாட்டேன்" என்று சொன்னபோது அந்த அறையில் அவர் இருந்திருந்தால், யார் பக்கம் நின்றிருப்பார்? அந்தப் பதிலைக் கேட்ட பிறகு நடுவர் தீர்ப்பு வழங்கட்டும். வணக்கம்.