ஹிண்டன்பர்க் விபத்து: யார் சொல்வதை நம்புவது?

தொண்டியிலிருந்து பத்தாம் வகுப்பு மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஐயா, 1937இல் ஹிண்டன்பர்க் வான்கப்பல் எரிந்ததைப் பற்றி வானொலிப் பதிவு, செய்திப்படம், கேப்டனின் வாக்குமூலம், விசாரணை அறிக்கை எல்லாம் இருக்கின்றன. இவற்றில் எது நம்பகமானது?”

நல்ல கேள்வி அம்மா. அதில் ‘எதற்கு’ என்ற சொல்லையும் சேர்த்துக்கொள். நான் இப்போது உட்கார்ந்திருக்கும் பாம்பனிலிருந்து, 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதில் எத்தனை பேர் இருந்தார்கள்? ஊழியர்களையும் சேர்த்து 115 பேர் என்பது ஒரு கணக்கு. 200 பேர் வரை இருந்திருப்பார்கள் என்பது இன்னொன்று. யாரும் பொய் சொல்லவில்லை. டிக்கெட்டை எண்ணினால் டிக்கெட் வாங்கியவர்கள்தான் கணக்கில் வருவார்கள். வாங்காமல் ஏறியவர்கள் வரமாட்டார்கள்.

இதே கண்ணோடு ஹிண்டன்பர்க்கைப் பார். ஹைட்ரஜன் வாயு நிரப்பிய பைகளால் மிதந்து பறந்த ஜெர்மானிய வான்கப்பல் அது. மே 6 மாலை, அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் லேக்ஹர்ஸ்ட் தளம். ஹெர்பர்ட் மோரிசன் என்ற வானொலி அறிவிப்பாளர் கப்பல் இறங்குவதை வர்ணித்துப் பதிவு செய்துகொண்டிருக்கிறார். கண்ணெதிரே தீப்பிடிக்கிறது. குரல் உடைகிறது. இதைப் பார்க்க முடியவில்லை என்று அப்பால் போகிறார், பிறகு மீண்டும் பேசுகிறார். எத்தனை முறை கேட்டாலும் எனக்குத் தொண்டை அடைத்துவிடும். அங்கே நின்றவர் மனம் என்ன பாடுபட்டது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று கிடையாது. ஆனால் கப்பலில் இருந்த 97 பேரில் 62 பேர் உயிர் தப்பினார்கள். அந்தக் குரலை மட்டும் கேட்பவர் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை என்றே நினைப்பார்.

யூடியூபில் படத்தோடு அவர் குரலும் வருகிறதே, அது பின்னாளில் ஒட்டியது. படம் எடுத்தவர்கள் வேறு, குரலைப் பதிந்தவர்கள் வேறு. அது நேரடி ஒலிபரப்பும் அன்று. மறுநாள்தான் வானொலியில் வந்தது. தீப்பற்றிய அந்த முதல் நொடியோ எந்தப் படச்சுருளிலும் இல்லை. காரணம் தேடி அந்தப் படத்திடம் போனால் வெறுங்கையோடுதான் திரும்புவாய்.

கேப்டன் மாக்ஸ் புருஸ் கடுமையான தீக்காயத்தோடு தப்பியவர். நாசவேலைதான் என்று இறுதிவரை சொன்னார். அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் இறங்கும்போது கப்பலைச் சட்டென்று திருப்பியதில் உள்ளே கம்பி அறுந்து வாயுப் பை கிழிந்திருக்கலாம் என்றும் ஒரு கருத்து இருந்தது. அது உண்மையானால் பழி அவர் தலையில் விழும். ஆகவே, காரணத்தைப் பற்றி அவர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு கட்டாதே. கப்பலை எப்படி இயக்கினார்கள் என்பதற்கு அவரைத்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்கர்களும் ஜெர்மானியர்களும் தனித்தனியே விசாரித்தார்கள். கசிந்த ஹைட்ரஜனில் மின்பொறி பட்டுத் தீப்பிடித்திருக்க வேண்டும் என்ற கருத்துக்கே இரு தரப்பும் வந்தன. காரணத்துக்கு நான் முதலில் எடுப்பது இந்த அறிக்கைகளைத்தான். நாசவேலை என்று தெரிந்தால் இரண்டு அரசுகளுக்கும் தர்மசங்கடம். அதையும் ஒரு வரி எழுது. இன்னொன்று, ‘பெரும்பாலும் இதுவே காரணம்’ என்ற அளவில்தான் அந்த முடிவு இருக்கிறது. ‘நிரூபிக்கப்பட்டது’ என்று நீ எழுதினால், அறிக்கை சொல்லாததை அதன் வாயில் போட்டதாகிவிடும்.

அடுத்து, ஏர்வாடியிலிருந்து வந்த கேள்வி.