டயர் மாற்றினேன், மைலேஜ் போச்சு. ஆனால் போனது எவ்வளவு?

வணக்கம். இன்றைக்கு முன்னுரை எல்லாம் கிடையாது, நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன டயர் வீடியோவுக்குக் கீழே 'அகலமான டயர் போட்டால் மைலேஜ் போகும், அன்றைக்கே சொன்னோமே' என்று எத்தனை பேர் எழுதியிருக்கிறீர்கள் என்று உட்கார்ந்து எண்ணினேன். 41 பேர். சரி, சொன்னீர்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முழுதாக இல்லை.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரே வரி: என் ஸ்விஃப்ட் காரில் கம்பெனி கொடுத்தது 185/65 ஆர்15 டயர், அதாவது அகலம் 185 மி.மீ., ரிம் 15 இன்ச். நான் மாற்றியது 195/65 ஆர்15. அதே ரிம், அகலம் மட்டும் 10 மில்லிமீட்டர் கூட. 'அகலம் மட்டும்' என்றுதான் நானும் நினைத்தேன். அந்த 65 இருக்கிறதே, அது டயரின் பக்கச்சுவர் உயரம், அகலத்தில் 65 சதவீதம். அகலம் கூடினால் டயரின் உயரமும் கூடவே ஏறும். 185-க்கு மொத்த விட்டம் 621.5 மி.மீ., 195-க்கு 634.5. சக்கரமே 13 மி.மீ. பெரிதாகிவிட்டது. இந்த 13-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டயரில் மூன்று டேங்க் சராசரி லிட்டருக்கு 19.2. புது டயரில் முதல் டேங்க் 17.6. எனக்குத் தூக்கமே வரவில்லை. எங்கள் அப்பா பெட்ரோல் கணக்குக்கென்று தனி நோட்டு வைத்திருப்பது உங்களுக்குத் தெரியும். அதில் 17.6-ஐச் சிவப்பு மையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டார். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அட, ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன், இதுதான் என் எரிச்சலுக்கே ஆரம்பம். கடையில் டயரை ஏற்றி, பேலன்சிங் பார்த்து, அலைன்மென்ட் முடித்து பில் கையில் கொடுத்தார்கள். கடைசி வரியில் 'நைட்ரஜன் 200'. நான் கேட்டேனா? இல்லை. டயரில் காற்றுக்குப் பதில் நிரப்பிவிட்டோம் சார் என்கிறார்கள். நாம் இழுக்கிற மூச்சிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே! மிச்சம் 22-க்கா 200 ரூபாய்? கூடவே வால்வுக்கு நாலு பச்சை மூடி இலவசமாம். அதில் ஒன்று வீடு வருவதற்குள் எங்கேயோ விழுந்துவிட்டது. இப்போது மூன்று சக்கரத்தில் பச்சை, ஒன்றில் பழைய கறுப்பு. காமிராவை இங்கே கொண்டுவருகிறேன், பாருங்கள், பின்னால் இடது பக்கம். பார்த்தீர்களா? தினமும் காலையில் வண்டியை எடுக்கும்போது இதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

சரி, அந்தப் புனித நைட்ரஜனை எவ்வளவு அடைத்திருந்தார்கள் தெரியுமா? நான் வைத்திருக்கும் டிஜிட்டல் கேஜை மறுநாள் காலையில், வண்டி ஓடாமல் குளிர்ந்திருந்தபோது வைத்துப் பார்த்தால், டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள காற்றழுத்தத்தைவிட நாலு டயரிலும் 5 பி.எஸ்.ஐ. குறைவு. இதைப் பார்த்தது முதல் டேங்க் தீர்ந்த பிறகு. அதுவரை 17.6-க்கு டயர் அளவைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்க எரிசக்தித் துறை ஒரு கணக்குச் சொல்கிறது: நாலு டயரின் சராசரி அழுத்தம் 1 பி.எஸ்.ஐ. குறைந்தால் மைலேஜில் சுமார் 0.2 சதவீதம் போகும். ஐந்துக்கு 1 சதவீதம். பெட்ரோல் பங்கில் சாதாரணக் காற்றே பிடித்தேன், காசே கேட்கவில்லை. அடுத்த மூன்று டேங்க் சராசரி 17.8. கணக்கு கிட்டத்தட்ட அப்படியே உட்கார்ந்தது.

இப்போது அந்த 13. ஓடிய தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் சாலையை அளப்பதில்லை, சக்கரம் சுற்றுவதைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் தூரம் போவோம், மீட்டருக்கு அது தெரியாது. போன ஞாயிற்றுக்கிழமை பரனூர் டோலைத் தாண்டியதும் ஜி.பி.எஸ்.ஸையும் ட்ரிப் மீட்டரையும் பூஜ்யத்தில் வைத்துவிட்டு விழுப்புரம் பக்கமாக ஓட்டினேன். விக்கிரவாண்டிப் பக்கம் ஜி.பி.எஸ். 100 காட்டியது. மீட்டரில் 97.9! 2.1 சதவீதம் குறைவு. 621.5-க்கும் 634.5-க்கும் உள்ள வித்தியாசம் என்ன? அதே 2.1. காருக்குள் தனியாகக் கத்தினேன், பக்கத்து லேனில் போன பஸ்காரர் திரும்பிப் பார்த்தார். ஆக 17.8 என்பது உண்மையில் 18.2.

நில்லுங்கள், பழைய 19.2-ம் சுத்தம் இல்லை. கழற்றிய டயர்கள் மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கின்றன, அம்மா தினம் திட்டுகிறார். ரப்பரில் உள்ள கோட்டுப் பள்ளத்தின் ஆழத்தை அளந்தேன், 3 மி.மீ. மிச்சம். புதிதில் 8 இருந்திருக்கும். சுற்றிலும் 5 தேய்ந்தால் விட்டத்தில் 10 போச்சு. தேய்ந்த டயர் சின்ன டயர், அதிகமாகச் சுற்றும், மீட்டர் ஓடாத தூரத்தையும் சேர்த்து எழுதும். சுமார் 1.6 சதவீதம். அதைக் கழித்தால் பழைய மைலேஜ் 18.9.

ஆக 18.9-இல் இருந்து 18.2. நான் பதறியது 19.2-க்கும் 17.6-க்கும் நடுவில் இருந்த 1.6-க்கு, உண்மையில் போனது 0.7. மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், 2 லிட்டர் கூடுதல், இருநூறு ரூபாய்ச் சொச்சம். ஒரு நைட்ரஜன்!

அந்த 0.7-ஐயும் முழுசாக அளவின் தலையில் கட்ட மாட்டேன். டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிர்கிறது, அதில் சூடாகிப் போவது நம் பெட்ரோல்தான். புது டயரில் ரப்பர் தடிமன், அதனால் தேய்ந்ததைவிட அதிகமாகவே இழுக்கும். அகலம் கூடியதற்கு எடையும் காற்று எதிர்ப்பும் கொஞ்சம். இந்த மூன்றையும் என் நோட்டை வைத்துக்கொண்டு பிரிக்க முடியாது.

'பெரிய டயர் என்றால் ஆர்.பி.எம். (இன்ஜின் சுற்றும் வேகம்) குறையும், மைலேஜ் கூடத்தானே வேண்டும்' என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. பைபாஸில் ஐந்தாவது கியரில் சீராகப் போனால் அந்த லாபம் கொஞ்சம் இருக்கும். என் ஓட்டம் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் நடுவில். சிக்னலுக்குச் சிக்னல் அந்தக் கனமான சக்கரத்தை நின்ற இடத்தில் இருந்து சுழற்ற வேண்டும், முன்பு மூன்றாவதில் போன இடத்தில் இப்போது இரண்டாவதுக்கு இறக்குகிறேன். '16 இன்ச் அலாய் ரிம் போடலாமா' என்றவருக்கு: 195/55 ஆர்16 போட்டால் விட்டம் 620.9, மீட்டர் பொய் சொல்லாது. ரிம் எடையை மட்டும் கேட்டுவிட்டு வாங்குங்கள். எனக்கு அந்தப் பக்கச்சுவர் ஒல்லியான டயர் பிடிக்காது, நம் ஊர்ப் பள்ளத்துக்கு ரிம்மே வளைந்துவிடும்.

பழைய அளவுக்குத் திரும்புவேனா? மாட்டேன். எங்கள் தெரு முனை ஸ்பீடு பிரேக்கரை நீங்கள் எத்தனை வீடியோவில் பார்த்திருக்கிறீர்கள்! ஐந்து பேர் ஏறினால் அடியில் கர்ரென்று உரசும். அளவு மாறியதால் மட்டுமே 13-இல் பாதி, 6.5 மி.மீ., வண்டி உயர்ந்திருக்கிறது. நேற்று ஐந்து பேரோடு போனேன், சத்தமே இல்லை.

இதையெல்லாம் அப்பாவிடம் பேப்பரில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார். அப்புறம் நோட்டை எடுத்து 17.8 என்றே எழுதினார். சிவப்பு மைதான். இந்தத் தடவை கோடு மட்டும் ஒன்று.